அரசுப் பள்ளிப் பாதுகாப்புக்கு எங்கிருந்து பணம் வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் சுற்றுச்சுவர், பழுதடைந்த கட்டடம், கேமரா, காவலாளி என்று பேச்சு தொடங்கினால், அதற்கான பணம் எந்தத் துறையிடம் இருக்கிறது, அதை யார் கேட்க வேண்டும் என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. பல ஊர்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பள்ளி மானியம் பற்றிய தொகைகள் சமக்ர சிக்ஷா எனப்படும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திற்கு 2021–26 காலத்திற்கென ஒப்புதல் அளிக்கப்பட்ட விதிகளின்படி தரப்பட்டுள்ளன.

பள்ளிக்கூடப் பாதுகாப்புக்குன்னு அரசாங்கம் தனியா பணம் தருதா, இல்லையா?

பாதுகாப்பு என்ற பெயரிலேயே வரும் பணம் மிகக் குறைவு. அதுவும் பெரும்பாலும் ஆசிரியர்களுக்கான பயிற்சி, விழிப்புணர்வு ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. சுவர், கதவு, மின் இணைப்பு, தீயணைப்பான் போன்றவற்றுக்கான பணம் வேறு வேறு தலைப்புகளில் சிதறிக் கிடக்கிறது. ஆண்டுதோறும் வரும் பள்ளி மானியத்தில் ஒரு பகுதி, ஊரக வளர்ச்சித் துறையின் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டங்களில் ஒரு பகுதி, சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதிகளில் ஒரு பகுதி என்று அது பிரிந்திருக்கும்.

ஆகவே அலுவலகத்தில் போய் “பாதுகாப்பு நிதி வந்திருக்கிறதா” என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் கிடைக்கும், அது பொய்யும் ஆகாது. “பள்ளியின் வடக்குப் பக்கச் சுவருக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா, எந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது” என்று கேட்பவருக்குத்தான் கோப்பு எங்கே இருக்கிறது என்பதாவது தெரியவரும்.

பாதுகாப்புன்னு சட்டம் எதைச் சொல்லுது? நாங்க கேட்கிறது சலுகையா, உரிமையா?

உரிமைதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, எல்லாப் பருவத்தையும் தாங்கும் கட்டடம், தடையற்ற வழி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், மதிய உணவு சமைக்கக் கூடம், விளையாட்டிடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி ஆகியவற்றை ஒவ்வொரு பள்ளிக்கும் இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தகுதிகளாக வரையறுக்கிறது. சுவருக்குப் பதிலாக வேலியும் போதும் என்று சட்டமே சொல்லியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் மதிய உணவுக் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் உயிரிழந்ததைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டு நெறிமுறைகள், அரசுப் பள்ளியில் தலைமையாசிரியர், ஆசிரியர்கள், கல்வி நிர்வாகம் ஆகியோரையும், தனியார் பள்ளியில் நிர்வாகம், முதல்வர், ஆசிரியர்கள் ஆகியோரையும் மாணவர் பாதுகாப்புக்குப் பொறுப்பாக்குகின்றன. மனு எழுதும்போது இவற்றை ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும். பக்கம் பக்கமாக எழுதினால் யாரும் படிப்பதில்லை.

வருஷா வருஷம் வர்ற பள்ளி மானியம் எவ்வளவு? அதுல பாதுகாப்புக்குச் செலவு பண்ணலாமா?

மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துத் தொகை மாறும். 30 பேர் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1,00,000 ரூபாய். இதில் குறைந்தது 10 விழுக்காட்டைத் தூய்மைப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். மின் கட்டணம், குடிநீர், கற்பித்தல் பொருள், பழுதுபார்ப்பு எல்லாம் இதற்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதால், 64 பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் பாதுகாப்புக்கென மிஞ்சும் தொகை சில ஆயிரங்களைத் தாண்டாது.

ஆனால் அந்தச் சில ஆயிரங்களில் செய்யக்கூடியவைதான் பெரும்பாலும் செய்யப்படாமல் கிடக்கின்றன. மழைநீர் வழியும் சுவரில் பொருத்தப்பட்ட சுவிட்சுப் பெட்டியை இடம் மாற்றுவது, தொங்கும் ஒயரைக் குழாய்க்குள் அடைப்பது, தண்ணீர்த் தொட்டிக்கு மூடியும் பூட்டும் போடுவது, கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைப்பது ஆகியவை பழுதுபார்ப்பு என்ற தலைப்பிலேயே அனுமதிக்கப்படுகின்றன. தீயணைப்பானைப் போய்ப் பாருங்கள்: அழுத்தம் காட்டும் சிறு வட்டத்தில் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, கழுத்தில் கட்டிய அட்டையில் கடைசியாக நிரப்பிய தேதி என்ன என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. முள் சிவப்பில் படுத்திருக்கும் உருளை சுவரில் தொங்குவது, அது இல்லாததைவிட மோசம், ஏனெனில் அவசரத்தில் அதை நம்பித்தான் ஓடுவார்கள்.

மானியம் வந்துச்சுன்னு சொல்றாங்க, பள்ளி பாஸ்புக்ல பணமே இல்லையே?

2021க்குப் பிறகு மத்திய அரசின் நிதியுதவித் திட்டங்களில் பணம் வழங்கும் முறை மாறிவிட்டது. மாநில அளவில் ஒரே கணக்கில் பணம் இருக்கும். பள்ளிக்கு இருப்பில்லாத துணைக் கணக்கும், இவ்வளவு வரை செலவிடலாம் என்ற உச்சவரம்பும் தரப்படும். கடைக்காரருக்குப் பணம் கொடுக்கும் நேரத்தில்தான் தொகை அந்தப் பொதுக் கணக்கிலிருந்து போகும். எனவே பாஸ்புக்கைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் மீது ஐயப்படுவதில் பொருளில்லை. உச்சவரம்பு எவ்வளவு விடுவிக்கப்பட்டது, அதில் எவ்வளவு செலவாயிற்று என்பதையே கேட்க வேண்டும்.

இந்த முறையின் இடர் மார்ச் மாதத்தில் தெரியும். நிதியாண்டு முடிவதற்குள் செலவிடாத வரம்பு கைநழுவிப் போகக்கூடும். உச்சவரம்பு தாமதமாக வந்து, என்ன வாங்குவது என்று அப்போதுதான் யோசிக்கத் தொடங்கும் பள்ளிகள் அவசரத்தில் நாற்காலியும் அலமாரியும் வாங்கிவிடுகின்றன. செய்ய வேண்டிய பழுதுபார்ப்புப் பட்டியலைத் தீர்மானமாக முன்கூட்டியே நிறைவேற்றி வைத்திருக்கும் குழுவுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மத்திய அரசு நிதியை நிறுத்திட்டாங்களாமே? அப்போ கேட்டு என்ன பயன்?

தேர்ந்தெடுத்த பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்தும் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை அடுத்து, 2024–25 ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா நிதியில் மத்தியப் பங்கு நிறுத்தி வைக்கப்பட்டது. இத்திட்டத்தில் மத்திய, மாநிலப் பங்கு 60:40 என்ற விகிதத்தில் அமையும். சுமார் 2,152 கோடி ரூபாய் நிலுவையில் இருப்பதாகக் கூறி மாநில அரசு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. பள்ளி மானியமும் பயிற்சிகளும் இத்திட்டத்தைச் சார்ந்தவை என்பதால், அந்த இழுபறி வகுப்பறை வரை எட்டியது.

ஆனால் சுவர், கட்டடம் போன்ற பெரிய செலவுகள் பெரும்பாலும் மாநிலத் திட்டங்களிலிருந்தும் தொகுதி நிதிகளிலிருந்தும் வருபவை. மத்திய நிதி வரவில்லை என்ற காரணத்தைச் சுவர் தொடர்பான மனுவுக்குப் பதிலாகச் சொன்னால், எந்தத் திட்டத்தின் கீழ் அந்தச் சுவர் சேர்க்கப்பட்டிருந்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

சுற்றுச்சுவருக்கு யார்கிட்டப் போகணும்? ஒவ்வொருத்தரும் இன்னொருத்தரைக் கை காட்டுறாங்க.

எல்லாக் கேள்விகளிலும் இதுவே முதன்மையானது. பள்ளியை நடத்தும் துறையும் பள்ளிக் கட்டடத்துக்குப் பொறுப்பான துறையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெயர்ப்பலகையில் “ஊராட்சி ஒன்றிய” என்ற சொல் இருக்கும் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்தவர். கட்டடமும் சுவரும் ஊராட்சி ஒன்றியத்துக்கு உரியவை. அங்கே மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போக வேண்டும். மதிப்பீடு போடுபவர் ஒன்றியப் பொறியாளர். வட்டாரக் கல்வி அலுவலருக்கு மட்டும் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். அவர் பரிந்துரைக்கலாமே தவிர, ஒரு செங்கல்லுக்கும் அவரால் பணம் ஒதுக்க முடியாது.

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகப் பொதுப்பணித் துறைப் பொறியாளரின் மதிப்பீட்டைப் பெற வேண்டும். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி என்றால் ஆணையரும் அந்த அமைப்பின் பொறியியல் பிரிவும்தான் பொறுப்பு. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி போன்றவை தத்தம் துறைகளின் கீழ் வரும். ஒரே வளாகத்தில் சத்துணவுக் கூடம் இருந்தால், அந்தத் திட்டம் சமூக நலத் துறையினுடையது என்பதால், கூரையும் புகைபோக்கியும் பற்றிய மனுவைத் தனித் தாளில் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே மனுவில் அடுக்கினால், பெறுபவர் தமக்குச் சம்பந்தமில்லாத வரியைப் பிடித்துக்கொண்டு முழுத் தாளையும் வேறிடத்துக்கு அனுப்பிவிடுவார்.

மேலாண்மைக் குழுவுல தீர்மானம் போட்டோம், ரெண்டு வருஷமா ஒண்ணும் நடக்கலையே?

தீர்மானத்தின் வாசகத்தை எடுத்துப் பாருங்கள். “பள்ளிக்குப் பாதுகாப்பு வசதி செய்து தர வேண்டுமென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது” என்று இருந்தால், அதைக் கொண்டு எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போட முடியாது. இப்படி எழுதலாம்: “பள்ளியின் மேற்கு எல்லையில் கழிப்பறைக்குப் பின்புறம் தொடங்கிக் குளக்கரை வரை சுமார் 40 மீட்டர் நீளத்திற்குச் சுவர் இல்லை. இவ்வழியே மாடுகளும் இரவில் வெளியாட்களும் நுழைகின்றனர். இடைவேளையில் குழந்தைகள் குளக்கரைக்குச் செல்கின்றனர். இவ்விடத்திற்குச் சுவர் அல்லது கம்பி வேலி அமைக்க மதிப்பீடு தயாரிக்குமாறு வட்டார வளர்ச்சி அலுவலரைக் கேட்டுக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது.” இடம், அளவு, ஆபத்து, செய்ய வேண்டியவர் ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன.

கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி மேலாண்மைக் குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டமே அரசு தரும் நிதிக்கு அடிப்படை. எனவே அந்தத் தீர்மானம் மேம்பாட்டுத் திட்டத்திலும் ஏற வேண்டும். ஒவ்வொரு பள்ளியின் வசதிகளையும் ஆண்டுதோறும் பதியும் யூடைஸ் என்ற அரசுத் தரவுத்தளத்தில் “சுற்றுச்சுவர் உண்டு” என்று பதிவாகியிருக்கிறதா என்றும் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மூன்று பக்கம் சுவர் இருப்பதால் நல்லெண்ணத்தோடு “உண்டு” என்று குறித்துவிட்ட பள்ளிகள் உண்டு. மேலிடத்தில் பட்டியல் எடுக்கும்போது அந்தப் பள்ளியின் பெயர் வருவதற்கே வாய்ப்பில்லை.

நிலத்தை அளக்காம சுவர் கட்ட முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இது சாக்குப்போக்கா?

பெரும்பாலும் சாக்குப்போக்கு இல்லை. பழைய பள்ளிகள் பலவற்றில் நிலத்தை யாரோ ஒரு பெரியவர் வாய்மொழியாகத் தந்திருப்பார். பட்டா அவருடைய வாரிசுகள் பெயரிலோ, நிலம் நத்தம், புறம்போக்கு என்ற வகைப்பாட்டிலோ இருக்கும். எல்லை தெரியாமல் அடித்தளம் தோண்டினால் பக்கத்து நிலத்துக்காரர் தடையாணை வாங்கிவிடுவார், ஒதுக்கிய பணமும் திரும்பிப் போய்விடும்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் அளவீட்டுக்கு விண்ணப்பித்து, சர்வேயர் வரும் நாளில் குழு உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவரும் அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களும் உடனிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். புலப்படத்தின் (நில அளவை வரைபடம்) நகலையும் எல்லைக்கல் நட்ட இடங்களின் படங்களையும் முந்தைய பதிலில் சொன்ன தீர்மானத்தோடு இணைத்தால், கோப்பு திரும்பி வருவதற்கான முக்கியக் காரணம் நீங்கிவிடும்.

பழைய கட்டடம் எப்ப விழுமோன்னு பயமா இருக்கு. மானியத்துல பூசி சமாளிக்கலாமா?

கூடாது. கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும் கூரையில் சிமெண்டு பூசுவது விரிசலை மறைக்குமே தவிர, பாரத்தைத் தாங்காது. உடனடியாகச் செய்ய வேண்டியது பணமில்லாமல் முடியக்கூடியது: அந்த அறையைப் பூட்டி, சுற்றிலும் குழந்தைகள் போகாதபடி கயிறோ தடுப்போ கட்டி, படத்துடன் கட்டடப் பொறுப்புத் துறைக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது. பிறகு பொறியாளர் வந்து பயன்பாட்டுக்குத் தகுதியற்றது என்று சான்றளித்து, இடிப்பதற்கான அனுமதி பெற வேண்டும். குழுவோ ஊர்க்காரர்களோ தாங்களாகவே இடிக்கக் கூடாது.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஓர் உதவி பெறும் பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க அரசு உத்தரவிட்டது. 2025 ஜூலையில் ராஜஸ்தானின் ஜாலாவாட் மாவட்டத்தில் பள்ளிக் கட்டடம் சரிந்து ஏழு குழந்தைகள் இறந்ததும், எல்லா மாநிலங்களும் பள்ளிகளில் பாதுகாப்புத் தணிக்கை நடத்த வேண்டுமென மத்தியக் கல்வி அமைச்சகம் கேட்டுக்கொண்டது. உங்கள் பள்ளியில் தணிக்கைக்கு யாரேனும் வந்தார்களா, அறிக்கையில் என்ன எழுதினார்கள் என்று கேட்க இவையே போதுமான காரணங்கள். புதிய வகுப்பறைக்கு ஊராட்சி ஒன்றியப் பள்ளியானால் குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டமும், மற்ற அரசுப் பள்ளிகளுக்குப் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டமும் விசாரிக்க வேண்டிய இடங்கள்.

எம்.எல்.ஏ. நிதி, நமக்கு நாமே, நன்கொடை, இதுல எதை முதல்ல கேட்கிறது?

வேலையின் அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டுக்கென ஆண்டுக்கு 3 கோடியும், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடியும் ஒதுக்கப்படுகின்றன. உறுப்பினர் பரிந்துரைப்பார், நிர்வாக அனுமதி தருபவர் மாவட்ட ஆட்சியர். ஆகவே உறுப்பினர் மேடையில் அறிவித்ததோடு மகிழ்ந்துவிடாமல், பரிந்துரைக் கடிதம் ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்று சேர்ந்ததா என்று பாருங்கள். நிதியாண்டின் தொடக்கத்தில் கேட்பது நல்லது. பாதி ஆண்டு கடந்தால் தொகை பெரும்பாலும் பங்கு பிரிக்கப்பட்டிருக்கும்.

நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டுத் தொகையின் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு தரும். முன்னாள் மாணவர்கள் ஒன்றுகூடக்கூடிய ஊர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் கூலி வேலைக்குப் போகும் பெற்றோரிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து அந்தப் பங்கைக் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சட்டப்படி அரசு தர வேண்டிய சுவருக்கு ஏழைகள் விலை கொடுப்பதாக அது முடியும். நிறுவனங்களும் வெளியூரில் இருப்பவர்களும் தர முன்வந்தால், 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட “நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி” அமைப்பின் வழியாகப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தே வழங்கலாம். கையில் ரொக்கமாக வாங்கிக்கொள்வதைவிடக் கணக்கு தெளிவாக இருக்கும்.

சிசிடிவி கேமரா வைக்க மானியம் உண்டா?

எல்லா அரசுப் பள்ளிக்கும் பொதுவாகக் கேமராவுக்கென்று தனி மானியம் இல்லை. தொகுதி நிதியோ நன்கொடையோதான் வழக்கமான வழி. வாங்குவதைவிடப் பராமரிப்பதே கடினம்: வட்டு நிறைந்துவிடும், இடி இடித்தால் பெட்டி எரியும், அடுத்த ஆண்டு அதைச் சரி செய்ய பள்ளி மானியத்தைத் தவிர வேறு பணம் இருக்காது. வேலியே இல்லாத பள்ளியில் முதலில் கேமரா கேட்பது வரிசை தப்பிய செலவு என்பது என் கருத்து.

வைப்பதென்றால் வாயில், நடைவழி, படிக்கட்டு ஆகிய இடங்களில் வையுங்கள். கழிப்பறையிலும் உடை மாற்றும் இடத்திலும் எக்காரணத்தாலும் கூடாது. பதிவைப் பார்க்க அனுமதி பெற்றவர் யார் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி குற்றம் என்பதால், காட்சியை வாட்சப் குழுவில் பகிரும் பேச்சுக்கே இடமில்லை.

மானியத்துல வாட்ச்மேன் சம்பளம் கொடுக்கலாமா?

முடியாது. பள்ளி மானியம் பராமரிப்புக்கும் பொருள்களுக்கும் உரியது; மாதச் சம்பளத்துக்கு அதில் இடமில்லை, தொகையும் போதாது. பெற்றோர் ஆசிரியர் கழகமோ நன்கொடையாளரோ பொறுப்பேற்கும் இடங்களில் மட்டுமே காவலாளி நீடிக்கிறார். அப்படி ஒருவரை அமர்த்தினால், அவரைப் பற்றிக் காவல் நிலையத்தில் சரிபார்த்த பிறகே பணியில் சேர்க்க வேண்டும்.

பொம்பளப் பிள்ளைங்க பாதுகாப்புக்கு ஏதாவது திட்டம் இருக்கா?

சமக்ர சிக்ஷாவின் கீழ் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவியருக்குத் தற்காப்புக் கலைப் பயிற்சி அளிக்க, பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் மூன்று மாதங்களுக்கு நிதி உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் அச்சத்துக்குக் கராத்தே பதிலாகாது. பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். குழந்தைகள் குறை எழுதிப் போடும் “மாணவர் மனசு” பெட்டி இருக்க வேண்டும். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (கல்வி உதவி எண்) ஆகியவை குழந்தைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெட்டி இருக்கிறதா என்பதோடு, அதை யார் திறக்கிறார், எப்போது திறக்கிறார் என்றும் கேளுங்கள்.

குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. பள்ளிக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள மேலாண்மைக் குழுவுக்கோ தலைமையாசிரியருக்கோ அதிகாரம் கிடையாது.

எங்க பிள்ளைங்க உதவி பெறும் பள்ளியில, தனியார் பள்ளியில படிக்கிறாங்க. அங்கேயும் இந்த நிதி வருமா?

உதவி பெறும் பள்ளியில் அரசு முக்கியமாகத் தருவது ஆசிரியர் சம்பளம். கட்டடமும் சுவரும் நிர்வாகத்தின் பொறுப்பு. சுயநிதித் தனியார் பள்ளிக்கு மேலே சொன்ன பள்ளி மானியமோ உட்கட்டமைப்புத் திட்டங்களோ பொருந்தாது. கட்டட உரிமம், கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் ஆகிய நான்கு சான்றிதழ்களும் நடப்பில் இருந்தால்தான் அங்கீகாரம் புதுப்பிக்கப்படும் என்பதால், பெற்றோர் அவற்றின் செல்லுபடித் தேதியைக் கேட்கலாம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் (சி.பி.எஸ்.இ.) பள்ளிகளில், கழிப்பறை நீங்கலாக வகுப்பறை, நடைவழி உள்ளிட்ட இடங்களில் ஒலியும் ஒளியும் பதிவாகும் கேமராக்களை வைத்து 15 நாள் பதிவைச் சேமிக்க வேண்டுமென 2025 ஜூலையில் விதி திருத்தப்பட்டது. அதற்கான செலவு பள்ளியினுடையது.

செலவுக் கணக்கைக் கேட்டா, “உங்களுக்கு எதுக்கு”ன்னு கேட்கிறாங்க. என்ன செய்யலாம்?

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசிடமிருந்து வரும் மானியம் எப்படிச் செலவிடப்படுகிறது என்பதைக் கண்காணிப்பதை மேலாண்மைக் குழுவின் பணிகளில் ஒன்றாகவே சொல்கிறது. குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. எனவே உறுப்பினர்கள் கூட்டத்தில் பற்றுச்சீட்டையும் இருப்புப் பதிவேட்டையும் பயன்பாட்டுச் சான்றிதழின் நகலையும் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. முதலில் கூட்டத்தில் கேளுங்கள், அதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

உறுப்பினராக இல்லாதவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். நிதியாண்டு, மானியத்தின் பெயர், பற்றுச்சீட்டு நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள். சுவர் பற்றிய கேள்வியானால் விண்ணப்பம் பள்ளிக்குப் போகக் கூடாது. கட்டடத்துக்குப் பொறுப்பான அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் போக வேண்டும்.